இடுப்பு வலிக்கு ஓய்வு மருந்தாகுமா?

இடுப்பு வலி கண்டவர் பலகையின்மீது அசையாது படுத்திருத்தல் வேண்டும் என்பது நெடுநாளைய வழக்கம். வீட்டுப் பெரியோர் அதையே கூறினர். வைத்தியரும் அதையே விதித்தனர். ஆராய்ச்சியோ இவ்வழக்கத்தைத் தலைகீழாக்கிவிட்டது. 1986-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், வலியுற்ற 203 பேருள் ஒரு சாராருக்கு 2 நாள் ஓய்வும் மறு சாராருக்கு 7 நாள் ஓய்வும் விதிக்கப்பட்டன. குணமடைவதில் வேறுபாடு இல்லை. ஆனால் 2 நாள் ஓய்வு பெற்றோர் வேலைக்குச் செல்லாத நாட்கள் 45 சதவீதம் குறைவு. நாட்கூலிக்குச் சுமை தூக்குவோர்க்கு இதன் பொருளை விளக்கவும் வேண்டுமோ?

படம் எடுத்தால் யாவும் விளங்கிவிடும் என்னும் நம்பிக்கையும் தளர்ந்துள்ளது. வலியே இல்லாத 98 பேரின் முதுகெலும்பை எம்.ஆர்.ஐ. முறையில் ஆராய்ந்து 1994-இல் வெளியிட்டபோது, பாதிக்கு மேற்பட்டோரிடம் தட்டுப் புடைப்பு காணப்பட்டது. எனவே படத்தில் தெரியும் புடைப்பே வலிக்குக் காரணம் எனத் துணிவதற்கில்லை. கால் பலமிழத்தல், சிறுநீர் தடைப்படுதல், காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவை உடன் தோன்றினால் மட்டும் தாமதியாது மருத்துவரை அணுகிப் பரிசோதித்துக்கொள்ளல் வேண்டும்.

பெங்களூரின் பங்கு இத்துறையில் குறிப்பிடத்தக்கது. நகரையடுத்த ஜிகணியிலுள்ள சுவாமி விவேகானந்த யோக ஆராய்ச்சி நிலையத்தார் 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நாட்பட்ட இடுப்பு வலியுடைய 80 பேர் 7 நாட்கள் உடன் தங்கிச் சிகிச்சை பெற்றனர். குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட அவர்களுள் ஒரு பிரிவினர் ஆசனமும் பிராணாயாமமும் தியானமும் பயின்றனர். மற்றவர் உடற்பயிற்சி செய்தனர். முதுகு வளையும் தன்மை இரு பிரிவிலும் கூடிற்று. யோகப் பிரிவில் அது மிகுதி. அன்றாட அலுவல்களில் ஏற்பட்ட முடக்கமும் அப்பிரிவினரிடையே கூடுதலாகக் குறைந்தது.

இம்முடிவைக் கொண்டு யோகமே அருமருந்து எனப் பறைசாற்றுதல் அவசரமாகும். வேலையும் வீட்டுக் கவலையும் விலகிய ஒரு வாரத்தின் கணக்கு இது. நோயாளி வீடு திரும்பி, நாற்காலியில் எட்டு மணி நேரம் அமரத் தொடங்கிய பின்னர் நேர்வதை இது காட்டாது. அதற்காக இவ்வாய்வைப் புறக்கணிப்பதும் தவறே. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வகுத்த நெறிமுறை, நாட்பட்ட வலிக்கு உடற்பயிற்சியையும் நோயாளிக்கு அறிவுறுத்துதலையும் ஏற்று, இழுவைச் சிகிச்சையையும் இடுப்புப் பட்டையையும் வழக்கமாகத் தரலாகாது என்கிறது. ஆயினும் பட்டை வாங்குவோர் குறைந்தபாடில்லை.

தேவைப்படுவது, ஜிகணியில் ஒரு வாரம் தங்கிப் பெற்ற பயிற்சியை நகரின் அரசாங்க மருத்துவமனைகளில் நாள்தோறும் அரை மணி அளவாகச் சுருக்கி, வேலைக்குச் சென்றுவரும் மக்களிடையே ஓராண்டுக் காலம் சோதித்துப் பார்ப்பதாகும். அதற்குப் பெரும் இயந்திரம் எதுவும் வேண்டுவதில்லை. பயிற்றுவோரும், ஒரு கூடமும், விடாது கணக்கெடுப்போருமே வேண்டும்.