வாடகைச் சட்டம் காணாத குடும்பங்கள்: வீட்டுவசதித் துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு தமிழ்நாடு வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

சென்னையிலும் அதன் புறநகர்களிலும் வாடகை வீடு தேடும் குடும்பங்களின் அல்லல், வீடுகள் போதாமையால் மட்டும் விளைவதன்று. வாடகையைப் பற்றிய நம் சட்டங்கள் யாவும் குடும்பம் வீட்டுக்குள் நுழைந்த பிறகே அதைக் கணக்கில் கொள்கின்றன என்பதாலும் விளைவதாகும். குடியிருப்பவரைச் சட்டம் பல குறைகளுடனேனும் காக்கிறது. குடியேற வீடு தேடி அலைபவரை அது அறிவதே இல்லை. இந்த இடைவெளியைத் தங்கள் துறை நிரப்ப வேண்டும் என்று கோருவதற்காகவே இம்மடல் எழுதப்படுகிறது.

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அது வாடகை அதிகார அலுவலரிடம் பதிவு செய்யப்பட வேண்டும், வழக்குகளை வாடகை நீதிமன்றமும் மேல்முறையீட்டை வாடகைத் தீர்ப்பாயமும் விசாரிக்க வேண்டும் என்று அது வகுத்தது. அதற்கு முன்பு நிலவிய 1960-ஆம் ஆண்டின் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம், ‘நியாய வாடகை’ என்ற பெயரில் வாடகையை அரசே நிர்ணயிக்கவும், சட்டம் வகுத்த காரணங்களுக்காக மட்டுமே ஒருவரை வெளியேற்றவும் வழிசெய்திருந்தது. அதன் விளைவாக வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டதும், உரிமையாளர் பலர் வீட்டை வாடகைக்கு விடவே அஞ்சியதும் மறுக்க முடியாதவை. ஆகவே பழைய கட்டுப்பாட்டுக்குத் திரும்புமாறு இம்மடல் கேட்கவில்லை. ஆயினும், பழைய சட்டத்தைக் கைவிட்டபோது வீடு தேடுவோருக்குப் பயன்பட்டிருக்கக்கூடிய இரண்டு விதிகளும் சேர்ந்தே கைவிடப்பட்டன என்பதைத் தாங்கள் கருத வேண்டும்.

முதலாவது, முன்பணம் பற்றியது. மக்கள் ‘அட்வான்ஸ்’ என்று வழங்கும் இத்தொகை, வாடகை பாக்கிக்கும் வீட்டுக்கு நேரும் சேதத்துக்கும் ஈடாக உரிமையாளரிடம் வட்டியின்றி இருந்து, வீட்டைக் காலி செய்யும்போது திரும்பி வர வேண்டிய தொகையாகும். நியாய வாடகை நிர்ணயிக்கப்படாத கட்டடங்களில்கூட ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்று 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு விதித்திருந்தது. இப்பிரிவை விளக்கிய உச்ச நீதிமன்றம், மிகையாகப் பெற்ற முன்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே வாடகை பாக்கி என்று கூறி வாடகைதாரரை வெளியேற்ற இயலாது என்று 1996-இல் தீர்ப்பளித்தது. ஏட்டில் ஒரு மாதம் என்றிருந்த அதே காலத்தில் சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது ஊர் வழக்கமாகவே வேரூன்றிவிட்டது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று மாத வாடகையை உச்சவரம்பாக வைத்தாலும், ‘ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்பட்டிருந்தாலன்றி’ என்ற விதிவிலக்கையும் அதே பிரிவின் முகப்பில் வைத்தது. இருவரும் சமநிலையில் பேரம் பேசும் சந்தையில் இவ்விலக்கினால் தீங்கில்லை. ஒரு வீட்டுக்குப் பலர் காத்திருக்கும் சந்தையிலோ, ஒப்பந்தத்தின் வாசகத்தை எழுதுபவர் உரிமையாளர் ஒருவரே என்பதால், உச்சவரம்பு அவர் விரும்பினால் மட்டும் பொருந்துவதாகிவிடுகிறது.

இதன் சுமையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மாதம் 20,000 ரூபாய் வாடகையுள்ள இரண்டு படுக்கையறை வீட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸ் 2,00,000 ரூபாய். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 20,000 ரூபாய். முதல் மாத வாடகை 20,000 ரூபாய். ஆக, சாமான்களை ஏற்றும் வண்டிக்கூலி நீங்கலாகவே 2,40,000 ரூபாய் கைவசம் இருந்தால்தான் ஒரு குடும்பம் சாவியைப் பெற முடியும். மூன்று மாத வரம்பு உண்மையிலேயே பின்பற்றப்பட்டால் இத்தொகை 1,00,000 ரூபாயாகக் குறையும். வீடு மாறும் குடும்பத்துக்குப் பழைய உரிமையாளரிடமிருந்து அட்வான்ஸ் திரும்பி வருமுன் புதிய உரிமையாளருக்குக் கொடுத்தாக வேண்டிய நெருக்கடியும் உண்டு; காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் கூறினாலும், அந்த ஒரு மாத இடைவெளியைக் கடப்பதற்கே தாலிச் சங்கிலி அடகுக் கடைக்குச் செல்கிறது. மாத வாடகையைத் தவறாமல் கட்டும் வருவாயிருந்தும், மொத்தத் தொகையைத் திரட்ட முடியாமையால் மட்டும் பல குடும்பங்கள் வேலையிடத்திலிருந்து தொலைவுக்குத் தள்ளப்படுகின்றன. அந்த விதிவிலக்கை நீக்க ஒரு சிறு திருத்தம் போதும். அரசுக்கு அதனால் ஒரு ரூபாயும் செலவில்லை.

இரண்டாவது விதி இன்று ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்டது. ஒரு கட்டடம் காலியானால் அச்செய்தியை உரிமையாளர் குறித்த நாள்களுக்குள் அதற்கென அமைந்த அரசு அலுவலருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று பழைய சட்டம் சில விலக்குகளுடன் கட்டளையிட்டிருந்தது. தேவைப்படும்போது அரசு அவ்வீட்டைத் தன் அலுவலர்களுக்கு ஒதுக்கிக்கொள்ளவும் முடிந்தது. தன் ஊழியருக்காக அன்று காலி வீடுகளின் செய்தியைக் கேட்டுப் பெற்ற அரசு, இன்று பொதுமக்களுக்காக அதே செய்தியைத் திரட்டுவதில்லை. ஒதுக்கும் அதிகாரம் மீண்டும் வர வேண்டியதில்லை. எந்தப் பகுதியில் எத்தனை வீடுகள், எவ்வளவு காலமாகக் காலியாக உள்ளன என்ற அறிவாவது அரசிடம் இருக்க வேண்டும். 2012-இல் நடுவண் அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு, இந்திய நகரங்களில் 1.878 கோடி வீடுகள் பற்றாக்குறை என மதிப்பிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்போ அதே நகரங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்ததைப் பதிந்தது. காலியாக இருந்தவை அனைத்தும் குடியிருக்கத் தக்கவை என்று கொள்ள இயலாது என்றாலும், தட்டுப்பாடும் பூட்டிய வீடுகளும் ஒரே நகரில் அடுத்தடுத்துக் காணப்படுவது ஆட்சியாளர் ஆராய்ந்தே ஆக வேண்டிய நிலையாகும். நகர்ப்புற இந்தியாவில் வாடகைக் குடியிருப்பின் பங்கு 1961-இல் 54 விழுக்காடாக இருந்து 2011-இல் 28 விழுக்காடாகக் குறைந்ததையும் நடுவண் அரசின் பொருளாதார ஆய்வறிக்கை குறிப்பிட்டுள்ளது. முதலீடாக வாங்கிய வீட்டின் மதிப்பு ஆண்டுதோறும் ஏறுகையில் வாடகை வருவாய் அற்பமாகத் தோன்றுவதும், தன் பயன்பாட்டுக்கென வைத்திருக்கும் இரண்டாவது வீட்டுக்கும், வாராத வாடகையை வந்ததாகக் கொள்ளும் கற்பித வாடகை மீதான வருமான வரி 2019-இல் நீக்கப்பட்டதும் உரிமையாளரைப் பூட்டி வைக்கவே தூண்டுகின்றன. வருமான வரி மாநிலத்தின் கையில் இல்லை; சொத்து வரி இருக்கிறது. நீண்ட நாள் பூட்டிய வீட்டுக்குக் கூடுதல் வரியும், பதிவு செய்த ஒப்பந்தத்துடன் குடும்பத்துக்கு விடும் வீட்டுக்குச் சலுகையும் அளிக்க மாநில அரசால் இயலும்.

பணமும் வீடும் இருந்தும் கதவு திறக்காத இடங்களைப் பற்றி எழுதாமல் விட்டால் இம்மடல் உண்மைக்கு மாறானதாகிவிடும். ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்ற வினா, வாடகையைப் பேசுமுன்பே நகரத்தின் பல வாசல்களில் கேட்கப்படுகிறது. ‘சைவம் மட்டும்’ என்று விளம்பரத்தில் அச்சிடுவது, சாதியையும் மதத்தையும் பெயர் கூறாமல் விலக்கும் வழியாகவே பெரும்பாலும் பயன்படுகிறது. இசுலாமியர் வீடு வாங்குவதிலும் வாடகைக்குப் பெறுவதிலும் எதிர்கொள்ளும் மறுப்பை 2006-இல் சச்சார் குழுவின் அறிக்கை பதிவு செய்தது. தலித் குடும்பங்களும், கணவரின்றிக் குழந்தைகளை வளர்க்கும் பெண்களும், திருநங்கையரும் இதே மறுப்பைச் சந்திக்கின்றனர். கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் எவரையும் சாதி, மதம், பால் முதலியன பற்றி விலக்கலாகாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆம் உறுப்பு தனியாரையும் கட்டுப்படுத்துகிறது. வாடகை வீடு அப்பட்டியலில் இல்லை. பிரிட்டனின் இன உறவுகள் சட்டமும் அமெரிக்காவின் நியாய வீட்டுவசதிச் சட்டமும் வீடு விடுவதில் பாகுபாட்டை 1968-லேயே தடை செய்தன. சமூக நீதியைத் தன் அரசியலின் அடித்தளமாகக் கூறும் மாநிலத்தின் வாடகைச் சட்டத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லாதிருப்பது பெருங்குறை. வேறெந்தக் குறையைக் காட்டிலும் இதுவே மனத்தை வருத்துவது.

குடும்பம் என்ற நிலையே ஒரு தடையாக மாறுவதும் உண்டு. குழந்தைகள் எத்தனை, முதியோர் உடன் இருப்பார்களா என்று உரிமையாளர் கேட்பதற்கு, ஆழ்துளைக் கிணறு வற்றி லாரித் தண்ணீர் வாங்கும் கோடைகளும் ஒரு காரணம். இத்தடை போதாதென்று, மாம்பலம், மயிலாப்பூர் போன்ற பழைய பகுதிகளில், ஒரு வீட்டைத் தடுத்துச் சிறு குடும்பங்களுக்கு விடப்பட்ட ‘போர்ஷன்’ எனப்படும் குடியிருப்புகள் இடிக்கப்பட்டு, உயர்விலை அடுக்ககங்கள் எழுகின்றன. மூன்றில் இரு பங்கு உரிமையாளர் இசைந்தால் பழைய அடுக்ககத்தை இடித்துக் கட்டலாம் என்று 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் வகுத்தது. அது தேவையான சட்டமே எனினும், அங்கு வாடகைக்கு இருந்த குடும்பத்துக்கு அந்த முடிவில் குரல் இல்லை.

அரசால் வாடகை வீடு கட்ட இயலாது என்ற வாதம் இனி செல்லாது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் குடியிருப்பை மாநில அரசின் சிப்காட் நிறுவனம் 2024-இல் திறந்தது. பணிபுரியும் மகளிர்க்கான தோழி விடுதிகளும் பல ஊர்களில் இயங்குகின்றன. இவை பாராட்டுக்குரியவை. ஆனால் அங்கு தங்கியிருக்கும் பெண் மணமுடித்து, குழந்தை பெற்று, பெற்றோரையும் உடன் வைத்துக்கொள்ள எண்ணும் நாளில் அவளுக்கு அரசு காட்டும் இடம் ஏதுமில்லை. 1961 முதல் இயங்கும் வீட்டுவசதி வாரியம் பொதுமக்களுக்குப் பெரிதும் விற்பதற்கே கட்டுகிறது. வாங்கும் வசதி இல்லாத, குடிசைப் பகுதி மறுகுடியமர்வுத் திட்டத்திலும் சேராத இடைநிலைக் குடும்பத்துக்கு அது கட்டுவது மிகக் குறைவு.

பழைய மாமல்லபுரம் சாலை, தாம்பரம், அம்பத்தூர் போன்று வேலைவாய்ப்பு குவிந்த பகுதிகளில் வாரியம் இனி எழுப்பும் ஒவ்வொரு வளாகத்திலும் ஒரு பங்கை விற்காமல், மூன்று மாத அட்வான்ஸுடன், ஒரு குழந்தையின் தொடக்கப் பள்ளிக் காலமாகிய ஐந்தாண்டு ஒப்பந்தத்தில், குலுக்கல் முறையில் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுமாறு தாங்கள் ஆணையிட வேண்டும். பள்ளிச் சேர்க்கையை ஒட்டி ஏப்ரல், மே மாதங்களில்தான் குடும்பங்கள் மிகுதியாக வீடு தேடுகின்றன. ஆதலால் முன்பண உச்சவரம்பின் விதிவிலக்கை நீக்கியும், சாதி, மதம், உணவு, குடும்ப அமைப்பு ஆகியவற்றைக் காட்டி வீடு மறுப்பதைத் தடை செய்தும் அமையும் சட்டத் திருத்த முன்வடிவு, அடுத்த கல்வியாண்டின் சேர்க்கை தொடங்குமுன் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும்.