இரண்டாயிரம் மடங்கில் என்ன தெரியும்?

நாமக்கல் கோழிப்பண்ணையாளர்களுக்கு இரண்டு கழிச்சல்களும் தெரியும். ரத்தக்கழிச்சலுக்குக் காரணமான ஐமீரியா ஒட்டுண்ணியின் முட்டை சுமார் 20 மைக்ரான் அளவு. எச்சத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்தால் பள்ளிக்கூட நுண்ணோக்கியே காட்டிவிடும். வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோயின் வைரஸோ பெரும்பாலும் 0.1 முதல் 0.3 மைக்ரான்தான். அது பிடிபடாததற்கு லென்ஸின் தரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. எர்ன்ஸ்ட் அப்பே 1873-லேயே காரணத்தைச் சொல்லிவிட்டார்: ஒளியின் அலைநீளத்தை லென்ஸின் என்.ஏ. எண்ணைப்போல் (ஒளியைத் திரட்டும் திறனைக் குறிக்கும் எண்) இரு மடங்கால் வகுத்தால் வருவதே எல்லை. பச்சை ஒளி 0.55 மைக்ரான், எண்ணெய் விட்டுப் பார்க்கும் லென்ஸின் என்.ஏ. 1.25 என்றால் விடை 0.22 மைக்ரான். அதைவிட நெருங்கிய இரு புள்ளிகள் ஒரே திட்டாகத்தான் தெரியும்.

ஆகவே ‘2000 மடங்கு’ என்ற நுண்ணோக்கி விளம்பரத்தில் விஷயமே இல்லை. என்.ஏ. எண்ணைப்போல் ஆயிரம் மடங்குக்குமேல் பெரிதாக்கினால் திட்டு பெரிதாகுமே தவிர புது விவரம் வராது. கேமராவும் பெரிய திரையும் மாட்டினாலும் அதே கதைதான். 40 மடங்கு லென்ஸில் என்.ஏ. வழக்கமாக 0.65 என்றிருக்கும், எல்லை 0.42 மைக்ரான். 100 மடங்கு லென்ஸில் எண்ணெய் விடாமல் பார்ப்பதும் வீண், ஏனென்றால் இடையில் காற்று இருக்கும்வரை அந்த எண் 1-ஐத் தாண்டாது.

நீல ஒளி போட்டால்? 0.45 மைக்ரான் அலைநீளத்தில் எல்லை 0.18-க்கு இறங்கும், லாபம்தான், ஆனால் வைரஸின் உருவம் தெரிய அது போதாது. கோழி அம்மையை நுண்ணோக்கியில் கண்டுபிடிக்கிறார்களே என்று கேட்கலாம். அங்கே தெரிவது தனி வைரஸ் அல்ல, செல்லுக்குள் வைரஸ்கள் திரண்ட பொதி. 2014-இல் வேதியியல் நோபல் பெற்ற மூவர் இந்த எல்லையைத் தாண்டியதும் உண்மை. ஒளிரும் மூலக்கூறுகளை அணைத்தும் ஏற்றியும் சாதித்தார்கள். அதற்கு லேசர், சாயம், கணினி எல்லாம் வேண்டும். பண்ணையில் நோய் கண்டறிய அது எதற்கு? ராணிக்கெட்டுக்குப் பி.சி.ஆர். சோதனை இருக்கிறது, நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. சேலம், நாமக்கல் பள்ளிகளும் சிறு ஆய்வகங்களும் இனி விலைப்புள்ளி கேட்கும்போது, எத்தனை மடங்கு என்பதை விட்டுவிட்டு லென்ஸில் பொறித்த என்.ஏ. எண்ணைக் கேட்கட்டும், மிச்சமாகும் பணத்தில் எண்ணெய்ப் புட்டியும் நல்ல சாயமும் வாங்கலாம்.