நூற்றுக்கு 75

பிள்ளையை இன்ஜினீயரிங் காலேஜில் சேர்க்கும் தகப்பனார் சம்பளப் பட்டியலை மூன்று தடவை படிக்கிறார். ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கிறார். மாணவர் நடத்தை விதிகள் அடங்கிய தாளை மட்டும் படியாமலே கையெழுத்திட்டு நீட்டி விடுகிறார். அதில் கண்டிருந்தது இன்னதென்பது, 'பரீட்சைக்கு உட்கார அனுமதியில்லை' என்ற செய்தி வீட்டுக்கு வரும்போதுதான் தெரிகிறது. ஆகையால் இவ்வாரம் அந்தத் தாளை நம் நேயர்களுடன் சேர்ந்து படித்துப் பார்ப்போம்.

அண்ணா பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த கலாசாலைகளுக்கு 2021-ம் வருஷத்தில் வகுத்த விதிகளை எடுத்துக் கொள்வோம். எல்லா வகுப்புக்களுக்கும் வருவதே உத்தமம் என்று சொல்லிவிட்டு, நூற்றுக்கு 75 ஹாஜர் இருந்தாலும் போதும் என்று அவை இறங்கி வருகின்றன. 65-க்கும் 75-க்கும் இடையே உள்ளவர்கள் நோய், விளையாட்டுப் பந்தயம் போன்ற காரணங்களுக்கு அத்தாட்சி காட்டினால் மன்னிப்புண்டு. 65-க்கும் கீழே போனால் பரீட்சை இல்லை. அந்தப் பருவத்தை அடுத்த வருஷம் மீண்டும் படிக்க வேண்டும்.

ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள் என்று வைத்துக் கொண்டால், 22 நாள் வராதிருப்பவனுக்கு ஒரு குறையுமில்லை. 32 நாள் வராதவனுக்கோ ஒரு வருஷம் போயிற்று!

இது கொடுமை என்று நாம் சொல்ல மாட்டோம். கிண்டிக் கலாசாலை 1794-ல் நில அளவைப் பள்ளிக்கூடமாகவே தொடங்கிற்று. நிலம் அளக்கும் வித்தையைத் திண்ணையில் உட்கார்ந்து கற்க முடியுமா? கடைசல் இயந்திரத்தில் கைவைத்துப் பழகாதவன், புத்தகத்தை நெட்டுருப் போட்டுத் தேறினால், நாளைக்கு அவன் கட்டும் பாலத்தின் மீது போகிறவர்கள் நாமும் நம் குழந்தைகளுமே அல்லவா?

ஆனால் நம் மனத்தை உறுத்துவது அந்த அத்தாட்சி விஷயந்தான். பள்ளிக்கூட உபாத்தியாயர்களாகிய நாம் லீவு லெட்டர்களை நிறையப் படித்திருக்கிறோம். சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்குப் போன பையன், 'காய்ச்சல் காரணமாக' என்று எழுதி வருவான். கீழே தகப்பனார் கையெழுத்து. கையில் மருதாணி இன்னும் அழிந்திருக்காது! இப்படி வீட்டில் அரிச்சுவடி கற்ற பிள்ளை, காலேஜில் டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கும் வித்தையில் எளிதில் தேர்ந்து விடுகிறான். வகுப்பில் சிநேகிதனுக்காகக் குரல் கொடுத்து 'பிராக்ஸி' போடவும் கூசுவதில்லை. சம்பளம் கட்டுவதற்காக இரவெல்லாம் கடையில் வேலை செய்துவிட்டுக் காலை வகுப்பைத் தவறவிட்ட ஏழைப் பையனுக்குக் காட்ட ஒரு காகிதமும் கிடையாது. அவன் உண்மையைச் சொல்லுகிறான். அவனுக்குத்தான் வருஷம் நஷ்டம். விதி சோம்பேறியைத் தண்டிக்க வந்தது. கடைசியில் பொய் சொல்லத் தெரியாதவனைத் தண்டித்து விடுகிறது.

இதற்குப் பரிகாரம் கடினமானதன்று. பருவ முடிவில் பட்டியல் ஒட்டுவதற்குப் பதிலாக, ஹாஜர் 85-க்கு இறங்கியதுமே பையனை ஆசிரியர் கூப்பிட்டுக் காரணம் கேட்கலாம். அப்போது கேட்டால் அவன் கரையேற வழியுண்டு.

நடத்தை விதிகளிலும் இவ்வாறே காரணத்தைக் கவனிக்க வேண்டும். பட்டறையில் சட்டை தொளதொளவென்று இருக்கக் கூடாது, கூந்தலை முடிந்து கொள்ள வேண்டும் என்றால், சுழலும் இயந்திரமே அதற்குக் காரணம் சொல்லும். ஆணும் பெண்ணும் வராந்தாவில் பேசினால் அபராதம் என்று சில தனியார் கலாசாலைகள் விதிக்கின்றனவே, அதற்குக் காரணம் கேட்டால் பதில் வருவதில்லை. காரணம் சொல்ல முடியாத விதிகள் மலிந்தால், உயிர் காக்கும் விதிகளுக்கும் மரியாதை போய்விடுகிறது.

உயிர் காக்கும் விதிகளில் தலையானது ராகிங் தடை. 1996-ல் தமிழ் நாட்டில் ஒரு மருத்துவ மாணவன் மூத்த மாணவன் கையால் கொலையுண்ட பிறகு, 1997-ல் தனிச் சட்டமே பிறந்தது. இரண்டு வருஷம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம் என்பது அதன் தண்டனை. 2009-ம் வருஷத்து விதிகளின்படி மாணவனோடு பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும்.

ஆகவே, தகப்பனார்களே, தாய்மார்களே! அந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறவர் நீங்களும் ஒருவர். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக் கொண்டு ஒரு முறை உரக்கப் படியுங்கள். கல்யாணத்துக்கு லீவு வேண்டுமானால் கல்யாணம் என்றே எழுதுங்கள். ஒரு நாள் ஹாஜர் குறைந்தால் ஈடு செய்து கொள்ளலாம். பொய்யெழுதப் பழகிய கையைத் திருத்துவது எளிதன்று.