ஏழை மனையும் வலுச் சிக்கனமும்

(தமிழாசிரியர் ஒருவர்)

விளக்கில்லாத மனையிலே கல்வி வளர்தல் அரிது. இவ்வுண்மையை நம் கல்லூரியின் பழைய மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1990ஆம் ஆண்டு குடாநாட்டிலே மின்சாரம் அற்றுப்போன பின்னர் வளர்ந்தவர் பலரும் ஜாம் போத்தல் விளக்கின் முன்னிருந்தே பாடம் படித்தனர். போத்தலினுள்ளே சிறிது பஞ்சையிட்டு, அது நனையுமளவு மண்ணெண்ணெய் வார்த்து, மெல்லிய திரியொன்றை நிறுத்தி ஏற்றுவோம். யானும் அவ்வொளியிலே இலக்கணம் பயின்றவன். வலுச் சிக்கனம் என இன்று அறிஞர் பேசும் பொருளை அன்று நம் தாய்மார் அடுக்களையிலிருந்தே செய்து காட்டினர்.

ஆயினும், சிக்கனம் என்பது இருவகைப்படும். குறைந்த வலுவைக் கொண்டு அதே பயனைப் பெறுதல் ஒன்று. பயனையே துறந்து வலுவை மீத்தல் மற்றொன்று. முன்னது அறிவின்பாற்பட்டது, பின்னது வறுமையின்பாற்பட்டது. இவ்விரண்டனையும் ஒன்றென மயங்கி, ஏழையை நோக்கி “விளக்கை அணை” என்று உபதேசிப்பது அறமாகாது. அவன் விளக்கு முன்னரே அணைந்துகிடக்கின்றது.

இம்மயக்கம் எனக்கும் இருந்தது. 2023ஆம் ஆண்டிலே, கட்டுரைப் பயிற்சியை மும்முறை எழுதாது வந்த மாணவனொருவனை வகுப்பிலே கடிந்து நிறுத்தினேன். அவன் யாதும் கூறினானல்லன். மறுநாள் அவன் தாயார் வந்து, “சேர், காசு கட்டேலாமல் கரண்டை வெட்டிப்போட்டாங்கள். பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளை கடையிலை நிண்டுபோட்டு இருட்டினாப் பிறகுதான் வாறான்” என்றார். அன்று நான் உற்ற நாணம் இன்னும் நீங்கவில்லை. ஜாம் போத்தல் விளக்கிலே படித்தவனாகிய யானே அப்பிள்ளையின் இருளைச் சோம்பல் என்று கொண்டேன்.

அக்குடும்பத்தின் நிலை தனித்ததன்று. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் உயர்ந்தது. மாதம் 30 அலகிற்குக் குறைவாகப் பாவிப்போர்க்கோ உயர்வு 264 சதவீதம். அதே மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. 2023 பெப்ரவரியில் மின்கட்டணம் மீண்டும் சராசரி 66 சதவீதம் ஏறிற்று. பின்னர்க் கட்டணங்கள் குறைக்கப்பட்டமை உண்மையே. எனினும், விலை ஏறும்போது முதலில் இருளடைவது யாருடைய மனை என்பதை அவ்வாண்டுகள் காட்டிவிட்டன.

இதற்கு மருந்து யாது? கணக்கொன்றைப் பார்ப்போம். 60 உவாற்றுப் பழைய மின்குமிழ் மூன்று, இரவுதோறும் நான்கு மணிநேரம் எரியுமாயின் முப்பது நாளில் 21.6 அலகு செலவாகும். ஏறக்குறைய அதே ஒளியைத் தரும் 9 உவாற்று எல்.ஈ.டி. குமிழ் மூன்றுக்கு 3.24 அலகே போதும். அங்ஙனமாயின் ஏழை ஏன் நல்ல குமிழை வாங்குகின்றானல்லன்? நாட்கூலி பெறுவோனுக்கு அடுத்த ஆண்டின் இலாபத்தினும் இன்றைய அரிசியே பெரிது. அன்றியும், செல்வர் கழித்த குளிர்சாதனப் பெட்டியும் மின்விசிறியுமே அவன் மனைக்கு வந்து சேர்கின்றன. வலுவை அதிகம் விழுங்கும் பொருள்கள் வலுவுக்கு விலைகொடுக்க இயலாதவனிடமே தங்கிவிடுகின்றன.

ஆதலின், முதற்செலவை நாடு ஏற்றல் வேண்டும். மீட்பதாயின் மின்பட்டியலிலே சிறு தவணையாக மீட்கலாம். இது நடவாத காரியமன்று. பாரதத்திலே 2015இல் தொடங்கப்பெற்ற உஜாலாத் திட்டத்திலே குமிழ்கள் பெருந்தொகையாகக் கொள்வனவு செய்யப்பட்டமையால், 2014இல் 310 இந்திய ரூபாவாயிருந்த கொள்விலை 2016இல் 38 ரூபாவாக இறங்கிற்று. தவணை முறையும் அங்குக் கைக்கொள்ளப்பட்டது. நம் நாட்டிலே நிலைபெறுதகு வலு அதிகாரசபை 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பெற்றுள்ளது. நிறுவனம் உண்டு, அதன் கண் எந்த மனையின்மேல் முதலில் விழவேண்டும் என்பதே வினா. கடலால் பிரிந்து, டீசல் இயந்திரத்தையே நம்பி வாழ்ந்த நெடுந்தீவு போன்ற ஊர்களிலிருந்தும், அறுக்கப்பட்ட இணைப்புகளிலிருந்தும் அது தொடங்குதல் நன்று.

விளக்கோடு அடுப்பையும் மறத்தலாகாது. நாட்டுப்புறத்திலே விறகே இன்றும் பெரும்பாலார்க்கு எரிபொருள். ஒரு நெருப்பிலே இரு பானை ஏற்றும் ‘அனகி’ என்னும் மண்ணடுப்பு, மூன்று கல்லடுப்பிலும் குறைந்த விறகைக் கொள்வது. விறகு மிஞ்சுவதோடு தாயின் கண்ணும் நெஞ்சும் புகையினின்றும் சிறிது தப்பும்.

“நல்ல குமிழைக் கொடுத்தால் இன்னும் இரண்டு விளக்கை ஏற்றுவார்களே, சிக்கனம் எங்கே?” என வினவுவாருமுளர். ஏற்றட்டும் என்பதே என் விடை. இருண்ட அறையிலே ஏற்றப்படும் இரண்டாவது விளக்கு வீண்செலவன்று. அதுவே திட்டத்தின் பயன். மீந்த அலகை மாத்திரம் எண்ணாது, ஒளிபெற்ற மனைகளையும் எண்ணுதல் வேண்டும்.

விழாக் காலத்திலே கல்லூரி முகப்பு விளக்குகளால் பொலிவது கண்டு யானும் மகிழ்கின்றேன். பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. இரவிலே படிக்க ஒளியில்லாத மாணவர் எத்துணையர் என வகுப்பாசிரியர் மூலம், பெயர் வெளிவராவண்ணம், கணக்கெடுப்பீர்களாக. அவ்வில்லங்களுக்கு நல்ல குமிழும், வேண்டுமிடத்து மண்ணடுப்பும், அறுந்த இணைப்பை மீட்கச் சிறுகடனும் உதவுவீர்களாக. அரசு செய்யவேண்டியதை நாம் முழுதும் செய்தல் இயலாது. செய்யத்தக்கது இதுவென்று காட்டுதல் இயலும்.

வருங்காலத்தில் எந்த மாணவனையும், “ஏன் எழுதவில்லை?” என்று வினவுமுன், “வீட்டிலே விளக்குண்டா?” என வினவ வேண்டாத நிலை வருமாயின், அதுவே நம் கல்லூரி கொண்டாடத்தக்க பெருவிழாவாகும்.