வர்ணத்துக்கு அடியில்

நமது நண்பர் ஒருவரிடம் 1986-ஆம் வருஷத்து அம்பாஸடர் வண்டி இருக்கிறது. தகப்பனார் வாங்கியது. திருவான்மியூரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வாசம். ஆகையால் உப்புக் காற்றுக்குப் பயந்து அடிக்கடி வர்ணம் பூசிப் பளபளவென்று வைத்திருப்பார். நாமும் பல முறை மெச்சியிருக்கிறோம். சென்ற மாதம் சக்கரம் மாற்றுவதற்காக ஜாக்கி கொடுத்தார். வண்டி மேலே எழவில்லை. ஜாக்கிதான் வண்டிக்குள்ளே போயிற்று!

பட்டறை மேஸ்திரி சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தார். சில இடங்களில் 'ணங்' என்றது. கதவுக்கடியில் 'தொப்' என்றது. முன்பு யாரோ துருவின் மேலேயே தகரத் துண்டை ஒட்டி, விரற்கடை கனத்துக்குப் பட்டி பூசி மறைத்திருந்தார்கள். அதற்கும் நண்பர் பணம் கொடுத்திருக்கிறார்!

1956-இல் இங்கிலாந்தில் வெளிவந்த மாரிஸ் ஆக்ஸ்போர்டின் வாரிசு இந்த அம்பாஸடர். கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் 2014 வரை செய்தார்கள். கனத்த வண்டி என்று பெயர். ஆனால் லாரிக்கு இருப்பது போல் அடியில் தனிச் சட்டம் இதற்குக் கிடையாது. தரைத் தகடு, கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டி போன்ற உத்திரம், தூண்கள் ஆகிய இவையே எலும்பு. பக்கவாட்டில் ஏதேனும் வந்து மோதினால், பேரக் குழந்தைகளுக்குக் காவலாக இருந்தது அந்தப் பட்டிதான்.

"மேலே ஒரு தகடு வைத்துப் பற்றவைத்து விடுமே" என்றார் நண்பர்.

"இரண்டு தகட்டுக்கும் நடுவில் தண்ணீர் தங்கும், ஸார். அடுத்த மழைக்கு மறுபடி வருவீர்கள்" என்றார் மேஸ்திரி.

துருவை முழுதும் வெட்டி எறிந்து, பளிச்சென்ற நல்ல இரும்பு தெரியும் இடத்தில்தான் புதுத் தகடு சேர வேண்டுமாம். ஆனால் எடுத்த எடுப்பில் வெட்டிவிடக் கூடாது. வண்டியைச் சமமாகத் தாங்கி நிறுத்தி, கதவு வாசல்களின் குறுக்கே இரும்புக் கம்பிகளைப் பற்றவைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் உடல் தொய்ந்து, பிறகு கதவு எந்த ஜன்மத்திலும் மூடாது. பெட்ரோல் தொட்டியையும் ஆசனங்களையும் கழற்றி, பாட்டரி இணைப்பை நீக்கியாக வேண்டும். பற்றவைப்பதும் ஒரே மூச்சில் அல்ல. இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு என்று இடம் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். மெல்லிய தகடு சூட்டில் அப்பளமாய் நெளிந்துவிடும்.

செலவு வண்டியின் விலையில் பாதிக்கு மேல் ஆகும் என்றார். நண்பர் தகப்பனாரை நினைத்துச் சரி என்றார்.

வெளியே பூசும் வர்ணம் உத்திரப் பெட்டியின் உட்புறத்துக்கு எட்டாது. துருவோ உள்ளிருந்து வெளியே வருகிறது. ஆகவே வேலை முடிந்ததும் துத்தநாகப் பூச்சுக் கொடுத்து, பெட்டிக்குள் மெழுகைப் பீச்சி அடித்தார்கள். நீர் வடிவதற்கென்றே அடியில் சிறு துவாரங்கள் உண்டு. அவற்றையெல்லாம் தூசி நுழைகிறதென்று தார் வைத்து அடைத்திருந்தார் நண்பர். "இந்த யோசனையை உங்களுக்கு யார் சொன்னது?" என்று மேஸ்திரி கேட்டபோது, நாம் பட்டறைக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.