போர்நிறுத்தம் சமாதானமாகுமா?

2025 அக்டோபரில் காஸாவில் போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டபோது, உலகெங்கும் முஸ்லிம் இல்லங்களில் அல்ஹம்துலில்லாஹ் என்ற சொல் ஒலித்தது. ஒரேயொரு குழந்தையின் உயிர் காக்கப்பட்டாலும் அது நன்றிக்குரியதே. எனினும், போர்நிறுத்தம் வேறு, சமாதானம் வேறு என்பதை நாம் உணர வேண்டும்.

1993 செப்டம்பர் 13 அன்று வாஷிங்டனில் யாசிர் அரஃபாத்தும் இட்சாக் ராபினும் கைகுலுக்கியபோதும் இத்தகைய நம்பிக்கை துளிர்த்தது. ஐந்தாண்டு இடைக்கால ஏற்பாடு, அதற்குள் இறுதித் தீர்வு என்பதே ஒஸ்லோ உடன்படிக்கையின் திட்டம். ஆனால் ஜெரூஸலம், அகதிகள், குடியேற்றங்கள், எல்லைகள் ஆகிய உயிர்நாடியான பிரச்சினைகள் அனைத்தும் பிற்காலப் பேச்சுக்கென ஒத்திவைக்கப்பட்டன. அந்தக் கால அவகாசம் வலியவருக்கே பயன்பட்டது. அன்று மேற்குக் கரையில் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்த இஸ்ரேலியக் குடியேறிகளின் தொகை, கிழக்கு ஜெரூஸலத்தைச் சேர்க்காமலேயே இன்று 5 லட்சத்தைக் கடந்துவிட்டது. எந்த நிலத்தைக் குறித்துப் பேச வேண்டியிருந்ததோ, அந்த நிலமே பேச்சின் நடுவில் கரைந்துபோனது.

சமாதானத்தை வெறுத்தோர் இரு தரப்பிலும் இருந்தனர். 1994 ரமளானில் ஹெப்ரோனின் இப்ராஹீமி பள்ளிவாசலில் ஃபஜ்ர் தொழுதுகொண்டிருந்த 29 பேரை ஒரு யூதக் குடியேறி சுட்டுக் கொன்றான். இஸ்ரேலியப் பேருந்துகளில் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 1995 நவம்பரில் ராபினை ஒரு யூதத் தீவிரவாதியே கொலை செய்தான்.

ஹுதைபிய்யா உடன்படிக்கையை இங்கு நினைவுகூர்வது பொருத்தமானது. அதன் நிபந்தனைகள் ஸஹாபாக்களுக்குக் கசப்பாக இருந்தன. உம்ரா செய்யாமலேயே அவ்வாண்டு திரும்ப வேண்டியிருந்தது. ஆயினும் ஒவ்வொரு நிபந்தனையும் தெளிவாக எழுதப்பட்டது. சங்கிலியுடன் தப்பி வந்த அபூ ஜந்தல் (ரலி) அவர்களைத் திருப்பியனுப்பும் வேதனையிலும் நபி (ஸல்) அவர்கள் வாக்கு மீறவில்லை. தெளிவான சொல்லும் அதைக் காக்கும் நேர்மையும் இல்லாத உடன்படிக்கை வெறும் காகிதமே.

ஆக்கிரமிப்பு சட்டவிரோதமானது, அது விரைவில் முடிவுக்கு வர வேண்டும் என்று 2024 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் ஆலோசனைக் கருத்து வழங்கியது. நிலையான சமாதானத்தின் தொடக்கம் அங்கேதான் உள்ளது. பலஸ்தீனர் தம் மண்ணில் சுதந்திர மக்களாக வாழ முடியாதவரை, எந்தக் கையொப்பமும் நிலைக்காது.

நீதி நம்மிடமும் ஒன்றைக் கோருகிறது. பகைமையின் காரணமாக நீதி தவறக் கூடாதென்பது நம் மார்க்கத்தின் கட்டளை. காஸாவில் கொல்லப்பட்ட பல்லாயிரம் அப்பாவிகளுக்காக அழும் நாம், 2023 அக்டோபர் 7 அன்று கொல்லப்பட்ட இஸ்ரேலியப் பொதுமக்களின் உயிரை அற்பமெனக் கருத முடியாது. பிள்ளைகளை இழந்த இஸ்ரேலியரும் பலஸ்தீனரும் இணைந்து நல்லிணக்கத்திற்காக உழைத்து வருகின்றனர். இழந்தவர்களே பழிவாங்குதலைத் துறக்கும்போது, தொலைவிலிருக்கும் நாம் வெறுப்பை வளர்ப்பது முறையாகுமா?

ஆகவே, நம் பிள்ளைகளுக்குப் பலஸ்தீனின் வரலாற்றைக் கற்பிப்போம். ஆக்கிரமிப்பை எதிர்ப்பதும் யூத மக்களை வெறுப்பதும் வெவ்வேறு என்பதையும் சேர்த்தே கற்பிப்போம். நீதியின் மீது எழும் சமாதானத்தை அப்புனித பூமிக்கு அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.