ஃபார்மட் அடித்தால் டிஸ்க் பிழைக்காது

"ஃபார்மட் அடிச்சா எல்லாம் சரியாயிடும் சார்." சென்னையில் பாடி சிவன் கோயில் பக்கம் போனாலும் சரி, கொரட்டூர் பக்கம் போனாலும் சரி, கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் கிடைக்கும் பதில் இதுதான். சிஸ்டம் பாதியில் உறைந்து நிற்கிறதா, நீலத் திரை வருகிறதா, ஒரு போட்டோவைத் திறக்கவே யுகம் ஆகிறதா, எல்லாவற்றுக்கும் ஃபார்மட். ஒரு கடை இதைப் பலகையிலேயே எழுதித் தொங்கவிட்டிருக்கிறது. வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு எரிச்சல் மண்டிவிட்டது. இந்த ஒரு வாக்கியத்தை நம்பிக் கல்யாண ஆல்பத்தையும் பிள்ளைகளின் சிறுவயதுப் படங்களையும் பறிகொடுத்த வீடுகள் எனக்குத் தெரிந்தே இருக்கின்றன.

"வைரஸ்தான் காரணம்" என்பார்கள். வைரஸ் ஃபைலைக் கெடுக்கும். நிமிஷத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க் தட்டில் கீறல் போடாது.

"ஏரியா அப்படி சார், ஃபேக்டரி தூசு, வெயில்" என்பது அடுத்தது. டிஸ்க்கின் உள்ளே போகும் காற்றே வடிகட்டி வழியாகத்தான் போகிறது. வெயிலைப் பொறுத்தவரை, கூகுள் தன்னிடமிருந்த லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட அறிக்கையில், வெப்பத்துக்கும் பழுதுக்கும் எல்லோரும் நினைத்திருந்த அளவுக்கு நெருங்கிய தொடர்பு தெரியவில்லை என்றே சொன்னது.

இவர்கள் மார்தட்டும் வாதத்துக்கு வருவோம்: "ஃபார்மட் போட்டதும் எரர் போயிடுச்சே!" போகத்தான் செய்யும். எப்படிப் போகிறது என்பதைத்தான் எவரும் சொல்வதில்லை. குவிக் ஃபார்மட், ஃபைல்கள் எங்கே இருக்கின்றன என்ற அட்டவணையை மட்டும் புதிதாக எழுதுகிறது. தட்டின் மற்ற இடங்களைத் தொடுவதே இல்லை. தண்டவாளத்தில் விரிசல் இருக்க, ரயில் நேர அட்டவணையை மாற்றி அச்சடிக்கிற வேலை அது. முழு ஃபார்மட் வேறு மாதிரி. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அது டிஸ்க் முழுக்கப் பூஜ்யத்தை எழுதுகிறது. படிக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்த செக்டார் மேல் புதிதாக எழுதும்போது, அந்த இடம் தேறாது என்று தெரிந்தால் டிஸ்க் அதை ஒதுக்கிவிட்டு, உபரியாக வைத்திருக்கும் செக்டார் ஒன்றை அங்கே மாட்டிக்கொள்கிறது. திரையில் எரர் காணாமல் போகும். அந்த செக்டாரில் இருந்த உங்கள் படமும் சேர்ந்தே போகும். பலமுறை முயன்றால் படித்தெடுத்திருக்கக் கூடிய தகவலை நம் கையாலேயே அழித்தாயிற்று.

டிஸ்க்காவது தேறியதா? அதே கூகுள் அறிக்கை சொல்கிறது: மேற்பரப்பில் முதல் ஸ்கேன் எரர் தென்பட்ட டிஸ்க், அப்படி எரர் இல்லாத டிஸ்க்கைவிட 60 நாளுக்குள் செத்துப்போக 39 மடங்கு வாய்ப்பு அதிகம். ஃபார்மட் முடிந்து 'புதுசு போல' வீட்டுக்கு வந்த சிஸ்டத்தில், பெண்ணின் பிளஸ் டூ ப்ராஜெக்டை நம்பிச் சேமிக்கிறார்கள். சில வாரத்தில் 'டிக், டிக்' சத்தம். திரும்பப் போனால், "டிஸ்க் போயிடுச்சு, நாங்க என்ன பண்றது?" போய்க்கொண்டிருந்தது அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

தெரிந்துகொள்வது கஷ்டமே இல்லை. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள். திறந்தால் நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை. கீழே உள்ள பட்டியலில் 05, சி5 இரண்டையும் பாருங்கள். முதலாவது ஒதுக்கப்பட்ட செக்டார்கள், இரண்டாவது தீர்ப்புக்குக் காத்திருப்பவை. இந்த எண்கள் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் சாகிறது. அப்போது விண்டோஸின் 'செக் டிஸ்க்' கருவியைக்கூட ஓடவிடக் கூடாது. முதலில் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுக்க வேண்டும். 05உம் சி5உம் பூஜ்யத்தில் நிற்க, தகவல் பரிமாற்றப் பிழைகளை எண்ணும் சி7 மட்டும் நாளுக்கு நாள் ஏறுகிறதா? பெரும்பாலும் சாட்டா கேபிள்தான் கோளாறு. கேபினெட்டைத் திறந்து கேபிளை மாற்றினால் தீரும் வேலைக்கு ஃபார்மட் அடித்து, ஓ.எஸ். போட்டு, பில் நீட்டுகிறார்கள். அதே பழைய கேபிளில் மறுபடி அதே எரர் வருகிறது. இது எனக்குத் தாங்கவே முடியாத அநியாயம்.

"பேக்கப் எடுத்துட்டுத்தான் ஃபார்மட் போடறோம்" என்கிறார்கள். எதை எடுத்தார்கள்? டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஜாப் ஒர்க் செய்யும் லேத் பட்டறைக்காரர் வீட்டு சிஸ்டத்தில் டாலி கணக்கு சி டிரைவில் தனி ஃபோல்டரில் கிடக்கும். அதை யாரும் திறந்தே பார்ப்பதில்லை. ஜிஎஸ்டி கட்ட உட்காரும்போதுதான் வருஷக் கணக்கே இல்லை என்று அவருக்குத் தெரிகிறது.

டிஸ்க் நன்றாக இருந்து விண்டோஸ் மட்டும் கெட்டிருந்தால் தாராளமாக ஃபார்மட் போடட்டும். அதற்குமுன் 05, சி5, சி7 மூன்றின் எண்ணையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். டிஸ்க்கை மாற்றினால் பழையதைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். அதிலிருந்து படங்களை மீட்க இன்னும் வழி இருக்கலாம்.